ஒன்றாம் நம்பர் பட்டன்

ஜூன் 4

என் அருமை வாலுக்கு,

நலம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரரும் நலமாக இருப்பீர்கள். நீ அனுப்பிய ஃபோன் நேற்று முன்தினம் உடையாமல் வந்து சேர்ந்தது. பெட்டியைப் பிரித்ததிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. மொபைலைக் கையில் கொடுத்தால் "வழுக்குது, ஒண்ணுமே தெரியல" என்று தள்ளிவிடும் அம்மா, இதைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லானாள். தந்த நிறம், பித்தளை விளிம்பு, நடுவில் அந்தக் காலத்து வட்டம். குழிக்குள் விரலை விட்டுச் சுழற்றிப் பார்த்தாள், அது அசைந்தால்தானே. "சுத்தறது இல்லம்மா, அமுக்கறது. உள்ளே பட்டன் இருக்கு" என்றேன். "அப்புறம் எதுக்குடி குழி?" என்று கேட்டாள். உனக்குத் தெரிந்தால் எழுது.

ஒயரில்லாத ரிசீவர், பதினாறு மணி நேரம் சார்ஜ் ஏறின பிறகுதான் பேச வேண்டும் என்று கையேட்டில் போட்டிருந்தது. அரை மணிக்கு ஒரு தரம் "ஏறிடுச்சா?" என்று கேட்டு என் உயிரை எடுத்துவிட்டாள். சுவரிலிருந்து லைனை இழுத்து, அலமாரியை நகர்த்தி, முட்டி போட்டு ஒயரை மாட்டியது நான். மணிச் சத்தம் ஏழு விதம் இருக்கிறது. பழைய கிணுகிணு மணியையே வைத்தோம்.

ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் அதில் பதிந்த நம்பருக்குத் தானாகப் போகும். யார் யாரைப் பதியலாம் என்று கேட்டேன். ஒன்று நீ. இரண்டு டாக்டர். மூன்று மருந்துக் கடை. நான்கு மேல்வீட்டு டீச்சரம்மா. அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டாள். "எனக்கு?" என்றேன். "நீதான் வீட்லயே இருக்கியே, உனக்கெதுக்கு பட்டன்?" என்றாள்.

நியாயம்தான். ஆறு பட்டன் காலியாகக் கிடக்கிறது, அதையும் சொல்லி வைக்கிறேன்.

உன் அக்கா

*

ஜூன் 15

அன்பு அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நூலகத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். எங்கள் தலைவர் கண்ணாடிக்கு மேலே பார்த்து முறைத்தார். குழி எதற்கு என்று எனக்கும் தெரியாது, அழகுக்குத்தான்.

அம்மா தினமும் பதினொன்றரைக்குக் கூப்பிடுகிறாள். அது எனக்கு இடைவேளை நேரம். தாழ்வாரத்து ஜன்னலோரம் நின்று பேசுகிறேன். அக்கா, அம்மா பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்தாளாமே! பரிசு வாங்கப் போனபோது மேடையில் செருப்பு அறுந்து, ஒற்றைக் காலில் நின்று வாங்கினாளாம். சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். உனக்கு இந்தக் கதை ஏற்கெனவே தெரிந்திருக்கும், எனக்குத்தான் புதுசு.

நீயும் ஒரு நாள் பேசேன். ஃபோனைக் கையில் கொடுத்தால் "ம், நல்லா இருக்கேன், வைக்கிறேன்" என்று மூன்றே வார்த்தையில் முடித்துவிடுகிறாய். கடிதத்தில் மட்டும் வாய் கிழிகிறது.

உன் வாலு

*

ஜூன் 25

வாலு,

ஓட்டப்பந்தயக் கதை எனக்குத் தெரியாது. நீ கல்யாணமாகிப் போன பிறகும் பத்தொன்பது வருடமாக அதே வீட்டில், அதே அம்மாவோடு இருக்கிறேன். மாத்திரை எடுத்துக் கொடுப்பது நான், தலை வாரிவிடுவது நான், கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவது நான். செருப்பு அறுந்த கதை உனக்கு. பேஷ்.

நான் ஏன் ஃபோனில் பேசுவதில்லை என்று கேட்டாய். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை "வணக்கம், பல் கிளினிக்" என்று எத்தனை தரம் சொல்கிறேன் தெரியுமா? ஒருவருக்குக் கடைவாய்ப் பல், ஒருவருக்கு ஈறு, ஒருவருக்கு டாக்டர் எப்போது வருவார் என்று தெரிய வேண்டும். அவ்வளவு பேரில் ஒருத்தர் கூட என்னைக் கேட்டுக் கூப்பிட்டதில்லை. வீட்டுக்கு வந்தால் ரிசீவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை. எழுதினால்தான் எனக்குச் சொல்ல வருகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டாயே, அன்று நடந்ததைக் கேள். துணி உலர்த்திவிட்டு வந்து பார்க்கிறேன், ரிசீவரைக் காணோம். அடிப்பெட்டியில் ஒரு பட்டன் உண்டு, அமுக்கினால் ரிசீவர் எங்கே இருந்தாலும் கத்தும். அமுக்கினேன். அம்மாவின் அறைக்குள்ளிருந்து கத்தியது. கதவைத் திறந்தால் கட்டிலில் சாய்ந்துகொண்டு, ரிசீவரை மடியில் வைத்து, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்ன, குழம்பு வைக்கணுமா?" என்கிறாள்.

என்னைப் பார்த்தால் குழம்பு ஞாபகம் வருகிறது. உன் குரல் கேட்டால் ஓட்டப்பந்தயம் ஞாபகம் வருகிறது. எனக்கு வயிறு எரிகிறது, வாலு. இந்த வயதில் இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எரிகிறது. ஒரு ஃபோன் வாங்கி அனுப்பிவிட்டு நல்ல பெயரைத் தட்டிக்கொண்டு போய்விட்டாய்.

கோபித்துக்கொள்ளாதே. கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

உன் அக்கா

*

ஜூலை 18

அக்கா,

உன் போன கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்து நாலு தாள் கிழித்தேன். இப்போது அதைப் பேச நேரமில்லை, வேறு விஷயம். பதறாமல் படி.

எட்டாம் தேதியிலிருந்து அம்மா என்னைக் கூப்பிடவில்லை. முதல் நாள் மறந்திருப்பாள் என்று விட்டேன். மூன்றாம் நாள் சாயங்காலம் நானே கூப்பிட்டேன். "ஏம்மா கூப்பிடல?" என்றால், "காலையிலதானேடி பேசினோம்" என்கிறாள். பேசவில்லை அக்கா. சத்தியமாகப் பேசவில்லை. நேற்று மறுபடி கேட்டேன். "அதான் தினமும் பேசறோமே, உனக்குத்தான் மறதி" என்று சிரிக்கிறாள். பக்கத்தில் நீ பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. அவள் எதிரே உன்னிடம் எதையும் கேட்க முடியவில்லை. உன் மொபைலை நீ எடுப்பதே இல்லை, கிளினிக்குக்கு அடித்துப் பார்த்தேன். என் இடைவேளை நேரத்தில் எப்போது அடித்தாலும் உங்கள் லைன் பிஸி.

எனக்குப் பயமாக இருக்கிறது. இவருடைய பெரியம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது, நடக்காததை நடந்ததாகச் சொல்வது. இங்கே இதற்கென்று நல்ல டாக்டர் இருக்கிறார். நீ பகலெல்லாம் வேலைக்குப் போய்விடுகிறாய், அம்மா தனியாக இருக்கிறாள். அடுத்த மாதக் கடைசியில் லீவு போட்டுவிட்டு வருகிறேன். அம்மாவை இங்கே கூட்டிக்கொண்டு வந்து என்னோடு வைத்துக்கொள்ளப் போகிறேன். இவரும் சரி என்று சொல்லிவிட்டார். அறை கூட ஒழித்து வைத்தாகிவிட்டது.

நீ வேண்டாம் என்று சொல்லாதே.

வாலு

*

ஜூலை 26

வாலு,

அறையைப் பழையபடி ஆக்கிவிடு. அம்மாவுக்கு ஒன்றுமில்லை. அவளுக்கு மறதியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கோளாறு என்னிடம்.

எட்டாம் தேதி காலையில், அம்மா குளிக்கப் போயிருந்தபோது, ஒன்றாம் நம்பர் பட்டனில் உன் நம்பரை எடுத்துவிட்டுக் கிளினிக் நம்பரைப் பதிந்தேன். ஐந்து நிமிட வேலை. கையேட்டைப் படித்தவள் நான்தானே. எதற்குச் செய்தேன் என்று கேட்டால் என்ன சொல்வேன்? ஒரே ஒரு நாள் அந்தப் பட்டனை அமுக்கினால் நான் எடுக்க வேண்டும் என்று இருந்தது. "அட, நீயா!" என்பாள், "ஏதோ தப்பாப் பதிஞ்சுட்டேம்மா" என்று சொல்லிவிட்டு ரெண்டு வார்த்தை பேசலாம் என்று நினைத்தேன்.

பதினொன்றரைக்கு மேஜை ஃபோனில் வீட்டு நம்பர் தெரிந்தது. எடுத்தேன். "சின்னவளே" என்றாள். அந்தக் குரலை நீ தினமும் கேட்கிறாய், உனக்கு அதன் அருமை தெரியாது. நான் "ம்" என்றேன்.

அந்த ஒரு "ம்"தான் நான் சொல்லத் துணிந்த பொய். மற்றதெல்லாம் தானாக வந்தது. நம் இரண்டு பேர் குரலிலும் உன் வீட்டுக்காரரே ஏமாந்திருக்கிறார். உள்ளே டாக்டர் யாருக்கோ பல்லை ராவிக்கொண்டிருந்தார். "அது என்னடி சத்தம்?" என்றாள். "லைப்ரரியில அலமாரி போடறாங்கம்மா" என்றேன். எப்படித்தான் வாயில் வந்ததோ.

அப்புறம் தினமும். நிறுத்தலாம் என்றுதான் ஒவ்வொரு நாளும் கிளம்பிப் போவேன். முதல் நாள் நான் சிடுசிடுப்பதைப் பற்றிச் சொன்னாள். எனக்கு எதிரே என்னைப் பற்றி! வாயை மூடிக் கேட்டுக்கொண்டேன். ஒரு நாள், "பெரியவளுக்கு முழங்கால் வலி. படியேறும்போது கைப்பிடியப் பிடிச்சுக்கறா. எங்கிட்டச் சொல்ல மாட்டேங்கறா" என்றாள். இன்னொரு நாள், "நின்னுக்கிட்டே சாப்பிடறா. உக்காந்து சாப்பிட்டா என்னவாம்?" என்றாள். கண் சரியாகத் தெரியாதவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்தது என்று கேட்காதே. "இதையெல்லாம் அக்காகிட்டயே சொல்லேம்மா" என்றேன், உன் குரலில். "அவ நின்னாத்தானே சொல்ல" என்றாள். அந்த நினைப்பிலேயே பதிவேட்டில் ஒரு ஆளுக்கு ரெண்டு நேரம் எழுதிக் கொடுத்து, டாக்டரிடம் திட்டு வாங்கினேன்.

நீ சாயங்காலம் கூப்பிட்ட அன்றெல்லாம் அடுப்படியில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டே காதை அங்கே வைத்திருந்தேன். உன் கடிதம் வந்ததும் அன்றே பட்டனில் உன் நம்பரைத் திரும்பப் பதிந்துவிட்டேன்.

உன் இடத்தைத் திருடினேன். என்னை என்ன வேண்டுமானாலும் சொல். அம்மாவை மட்டும் கூட்டிக்கொண்டு போய்விடாதே. அவள் இல்லாமல் இந்த வீட்டில் நான் யாரிடம் சிடுசிடுப்பேன்?

அக்கா

*

ஆகஸ்ட் 5

அக்கா,

உன் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. முதல் நாள் முழுக்க உன்மேல் வந்த கோபத்தில் சாப்பிடவில்லை. பதினைந்து நாளுக்கு மேலாக அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நான் அழுதுகொண்டிருந்தேன், நீ அங்கே என் பெயரில் கதை கேட்டுக்கொண்டிருந்தாய். இதை நான் சீக்கிரம் மறக்க மாட்டேன்.

ஆனால் இதையும் கேள். நீ பட்டனை மாற்றிய மறுநாளே அம்மா கூப்பிட்டாள். எடுத்ததும், "என்னடி, அலமாரி வேலை முடிஞ்சுதா?" என்று சிரித்தாள். எந்த அலமாரி, என்ன வேலை, எனக்கு ஒன்றும் புரியவில்லை. சரி, முற்றிவிட்டது என்று கழிப்பறைக்குப் போய் அழுதேன். உன் கடிதம் வந்த பிறகுதான் விளங்கியது. மறுநாள் அம்மாவிடம் நேராகக் கேட்டேன்.

"உனக்கு எப்போம்மா தெரியும்?"

"மொத நாளே தெரியும். பல்லு ராவற சத்தம் எனக்குத் தெரியாதா? நாலு பல்லு அங்கதானே புடுங்கினேன். பதினஞ்சு நாளா அலமாரி போடறாங்களாம், எந்த ஊரு லைப்ரரிடி அது!"

"அப்புறம் ஏன் எங்கிட்ட, தினமும் பேசறோமேன்னு சாதிச்சே?"

"உங்கிட்டச் சொன்னா நீ அவகிட்டக் கேப்பே. அவ ரோஷக்காரி, அன்னிக்கோட நிறுத்திடுவா. எம்பக்கத்துல ஒரு நிமிஷம் உக்காந்திருக்காளா அவ? மாத்திரை கொடுப்பா, போயிடுவா. சின்னவ மாதிரி நடிச்சாத்தான் பேசுவான்னா, நடிச்சுட்டுப் போகட்டுமே. எனக்கென்ன?"

எனக்கு அப்போது என்ன தோன்றியது தெரியுமா? பதினைந்து நாள் அம்மா என்னைத் தேடவில்லை. தன்னைக் கிறுக்கு என்று நான் நினைத்தாலும் பரவாயில்லை என்று, உன்னோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். அலமாரிச் சத்தத்துக்கு நடுவே உன் முழங்காலைப் பற்றி உன்னிடமே சொல்லியிருக்கிறாள். என்னிடம் சொன்னதெல்லாம் பழைய கதை, அக்கா. செருப்பு அறுந்த கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம்.

இப்போது வயிறு எரிவது எனக்கு. ஒழித்து வைத்த அறையில் இவர் துணிக்கொடி கட்டிவிட்டார். நான் அம்மாவை அழைக்க வரவில்லை, லீவில் சும்மா வருகிறேன். வந்து உன்னோடு ஒரு நாள் முழுக்கச் சண்டை போடுவேன். தயாராக இரு.

வாலு

*

ஆகஸ்ட் 19

என் அருமை வாலுக்கு,

சண்டைக்கு வா. உனக்குப் பிடித்த நாற்காலிக்குப் புதுப் பிரம்பு போட்டு வைத்திருக்கிறேன், உட்கார்ந்தே போடலாம்.

உன் கடிதத்தை அடுப்படியில் நின்று படித்தேன். படித்து முடித்து, தட்டை எடுத்துக்கொண்டு போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அவள் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள். தெரியும் என்று அவளும் சொல்லவில்லை, தெரியும் என்பது எனக்குத் தெரியும் என்று நானும் சொல்லவில்லை. "காலியா இருக்கற பட்டன்ல கிளினிக் நம்பரைப் போடட்டுமா, அவசரத்துக்கு?" என்று மட்டும் கேட்டேன். வட்டத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "கடைசிக் குழியில போடு. மொதலும் கடைசியும்தான் விரலுக்குத் தெரியுது" என்றாள். போட்டேன்.

நாலு நாள் வீட்டிலிருந்து மணி அடிக்கவே இல்லை. பதினொன்றரைக்கு மேஜை ஃபோனையே பார்த்துக்கொண்டிருப்பேன். இந்நேரம் உன்னோடுதான் பேசிக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதே, அப்போதும் எரிந்தது.

நேற்று பதினொன்றுக்குள்ளாகவே மணி அடித்தது. பதிவேட்டில் எழுதிக்கொண்டே, நம்பரைப் பார்க்காமல் எடுத்து, "வணக்கம், பல் கிளினிக்" என்றேன். உள்ளே டாக்டர் ராவிக்கொண்டிருந்தார்.

"பெரியவ இருக்காளா? அவகூடப் பேசணும்" என்றாள் அம்மா.

இத்தனை வருடத்தில் அந்த மேஜைக்கு என்னைக் கேட்டு வந்த முதல் ஃபோன், வாலு. "நான்தாம்மா" என்றேன். எதிரே ஒருவர் வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நேரம் வாங்க நின்றிருந்தார். அவரை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு நானும் உட்கார்ந்தேன்.

உன் அக்கா