இடது பக்கம், கக்கத்திலே

திண்டுக்கல்,
ஞாயிறு மாலை

அன்புள்ள பிரியா,

சென்னை வேலை பழகியிருக்கும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் நினைத்தேன். முடியவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து போனில் தட்டுகிறேன்.

உண்ணிக் காய்ச்சலைப் பற்றி நீ எழுதிக் கொடுத்த வில்லுப்பாட்டைப் போன மாதம் பூம்பாறையில் பாடினோம். நல்ல கூட்டம். கதையில் அந்தப் பெண் புல் அறுக்கப் போகிறாள். பூச்சி கடிக்கிறது. காய்ச்சல். பிறகு, கடித்த இடம் பொருக்குத் தட்டி இன்ன காய்ச்சல் என்று காட்டிக்கொடுக்கும் உன் அடி:

இடது பக்கம் கக்கத்திலே
கருத்த பொருக்கு ஒண்ணிருக்க
வெக்கத்திலே மறச்சுவச்சா

முன்வரிசையில் இருளாயி என்று ஒருத்தி. பூண்டுக் காட்டில் கூலி. "ஏய், எல்லாரும் கையத் தூக்குங்கடி, பாப்போம்" என்று கத்தினாள். சிரிப்பு அடங்க நேரமானது. விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது என்றார் கூட வந்த சுகாதாரத் துறைக்காரர். நானும் நம்பினேன்.

இப்போது காய்ச்சல் இருளாயிக்கு. கேள்விப்பட்டு வந்தேன். தினமும் கையைத் தூக்கிப் பார்த்திருக்கிறாள். கக்கத்தில் ஒன்றுமில்லை. பொருக்கு இடுப்பில் இருந்தது, பாவாடை நாடா இறுக்கும் இடத்தில். நாடா உரசிய புண் என்று மஞ்சள் வைத்திருக்கிறாள். ஆரம்பத்தில் வந்திருந்தால் மாத்திரையிலேயே தீர்ந்திருக்கும் என்கிறார் டாக்டர். இப்போது மூச்சுக்குக் குழாய்.

அவள் கணவர் நாச்சிமுத்து என்னை அடையாளம் கண்டுகொண்டார். "கக்கத்துலதானம்மா வரும்னு பாடுனீங்க? இவளுக்கு இடுப்புலல்ல இருந்துச்சு. அதான் சும்மாக் காச்சல்னு கெடந்துட்டா" என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை. சந்தேகம் கேட்கும் குரல்.

பக்கம், கக்கம், வெக்கம். எதுகை பிரமாதம் என்று முதலில் சொன்னவள் நான். இடுப்புக்கு எதுகை கிடைத்திருந்தால் வேறொருத்தி கக்கத்தைப் பார்க்காமல் விட்டிருப்பாள். இதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் போன் செய்யவில்லை.

செவ்வாய்க்கிழமை மன்னவனூரில் பாட வேண்டும். அந்த அடியை மாற்றி அனுப்பு. உடம்பு முழுவதும் அதில் அடங்க வேண்டும். மெட்டில் இடித்தாலும் பாடிக்கொள்கிறேன்.

சற்று முன் நாச்சிமுத்து டீ வாங்கி வந்து கொடுத்தார். "பாட்டுல அந்தப் புள்ள கடேசில எந்திரிச்சு நடந்துருமில்ல?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன். தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

பிரியா, அந்தக் கடைசி அடியை மட்டும் மாற்றிவிடாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
தமயந்தி