கொண்டை ஊசியில் இரண்டாவது வாயில்

10 ஜனவரி 1973

பனி ஜன்னலின் பாதிவரை ஏறிவிட்டது. இவர் ஆய்வுக்கூடத்துக்குப் போனால் மாலை ஐந்து மணிவரை நானும் நாலு சுவரும்தான். முனிச்சுக்கு ரயிலில் இரண்டு மணி நேரம்; தனியாகப் போக விடமாட்டார். என் பாஸ்போர்ட்டில் வேலை பார்க்கக் கூடாதென்று முத்திரை. தஞ்சாவூர்ப் பள்ளியில் எனக்குக் கொடுத்த விடுப்பு ஜூனோடு முடிகிறது. அதற்குள் போய்ச் சேராவிட்டால் கணக்கு டீச்சர் வேலை போய்விடும். இவருடைய கான்ட்ராக்ட் மார்ச் வரை. அதை நீட்டித்துவிட்டால்?

14 ஜனவரி

பக்கத்து வீட்டு ஹில்டா பனிச்சறுக்குப் பந்தயத்துக்குப் பாதை அமைப்பவள். நடுவராக நிற்க ஆள் போதவில்லை, வருகிறாயா என்றாள். சம்பளமில்லாத வேலை. இவர் உடனே சரியென்றார். இவருடைய டைரக்டர் லிண்ட்னரின் மகள் உர்சுலா அந்தப் பந்தயத்தில் ஓடுகிறாளே!

20 ஜனவரி

ஹில்டா கம்பு நடுவதைப் பார்த்தேன். ஒரே நிறக் கொடி கட்டிய இரண்டு கம்பு ஒரு வாயில். சிவப்புக்கு அடுத்தது நீலம். சில வாயில்கள் சரிவுக்குக் குறுக்கே, சில நெடுக்கே. நெடுக்கே இரண்டு அடுத்தடுத்து வந்தால் கொண்டை ஊசி. நுழைந்த வேகத்திலேயே திரும்பி அடுத்ததில் நுழைய வேண்டும். இரண்டு காலும் கம்புகளுக்கு நடுவே போகாவிட்டால் ஓட்டம் செல்லாது. நாளை நான் நிற்க வேண்டியது அங்கேதான்.

மூன்று மணி நேரம் வெளியே நின்றதில் கால் மரத்துப்போனது. வீட்டுக்கு வரத்தான் மனமில்லை.

21 ஜனவரி

உர்சுலா மின்னலாக வந்தாள். கொண்டை ஊசியின் இரண்டாவது வாயிலில் அவள் இடது கால் கம்புக்கு வெளியே போனது. பார்த்தேன், தவறு என்று குறித்தேன். அவளுக்கு முதலிடம் போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் இவர் கேட்டார். "சரியாப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"சந்தேகம்னு விட்டிருக்கலாமே, வேதா. மார்ச்சுல என் கான்ட்ராக்டுல கையெழுத்துப் போட வேண்டியவர் அவ அப்பாதான்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும்.

22 ஜனவரி

கால் வெளியேதான் போச்சு. சத்தியமா போச்சு. ஆனா எழுதறப்போ எனக்கு ஏன் அவ்வளவு சந்தோஷம்? இனி ஊருக்குப் போயிடலாம்னு— சே. அந்தப் பொண்ணு அழுதுண்டே போனாளே.

28 ஜனவரி

ஒரு வாரமாக இவர் என்னோடு பேசவில்லை. நானோ பெட்டியில் எதை முதலில் வைப்பதென்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

9 பிப்ரவரி

இவர் கேக் வாங்கிக்கொண்டு வந்தார். கால் வெளியே போனதை உர்சுலாவே அப்பாவிடம் ஒப்புக்கொண்டுவிட்டாளாம். உங்கள் வீட்டில் பொய் எழுதமாட்டார்கள், ஆய்வுக்கூட அளவுகளைக் குறிக்கும் வேலையை உங்களை நம்பிக் கொடுக்கலாம் என்று லிண்ட்னர் எல்லோர் முன்பும் சொன்னாராம். கான்ட்ராக்ட் இன்னும் மூன்று வருஷம்.

"எல்லாம் உன்னாலதான், வேதா."

சிரித்தேன். கேக்கை நான்தான் வெட்டினேன்.

11 பிப்ரவரி

தலைமையாசிரியைக்கு ராஜினாமாக் கடிதம் எழுதினேன். நாலு வரிதான். இவர் வாசித்துப் பார்த்துவிட்டு, இங்கிலீஷ் நன்றாயிருக்கிறது என்றார்.