காக்கா கார் பதித்த கிழமை

ஓகஸ்ட் 3, ஞாயிறு

காற்று. விடிந்ததிலிருந்து மண். காயப்போட்ட அபாயா முழுக்கப் புழுதி, மறுபடி அலசல்.

கார் வந்துவிட்டது. வாப்பா விட்டுப்போன அதே வெள்ளைக் கார், ஒரு சாண் குறைந்து. ஹிஷாம் காக்கா (என் அண்ணன். இனி ஹி. மட்டும். முழுப்பெயர் எழுத மை வீண்) குருநாகலில் ஏதோ ஒரு கராஜில் கிடந்து, ஸ்பிரிங்கை மாற்றி, உயரத்தைக் குறைத்துப் பதித்துக்கொண்டு வந்திருக்கிறார். அது போதவில்லை போலும். பின்சில்லுகள் இரண்டும் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து, கீழ்ப்பக்கம் வெளியே தள்ளி. இந்தச் சாய்வுக்குப் பெயர் கெம்பராம். பிறந்த அன்று எழும்பப் பார்க்கும் கன்றுக்குட்டி மாதிரி காலை அகட்டிக்கொண்டு நிற்கிறது.

உம்மா சுற்றிவந்து பார்த்துவிட்டு, "ஏன் மகன், சில்லு ஒடஞ்சி போச்சா?"

"உம்மா, இது ஸ்டைல். இப்பிடிச் சாய்க்கத்தான் இவ்வளவு நாள்."

வாசலில் தண்ணீர் ஓடும் கானுக்கு மேல் போட்ட கொங்கிறீட் பலகையில் ஏறவில்லை. அடிப்பக்கம் உரசிய சத்தத்துக்கு அடுத்த வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. கார் இப்போது வெளியே ஒழுங்கையில். ஹி. ஜன்னல் வழியாக அதையே பார்த்தபடி சோறு தின்கிறார். ஒரு பெண்ணை அப்படிப் பார்த்திருந்தால் இந்நேரம் எனக்கொரு மதினி இருந்திருப்பார்.

எல்லாம் வெள்ளிக்கிழமைக்காக. என் நிக்காஹ். மாப்பிள்ளையை நம் பக்கத்தார் போய்த்தான் அழைத்துவர வேண்டும், அழைப்பது பெண்ணின் சகோதரன். ஆகவே தன் ஊர் எத்தாளையிலிருந்து எங்கள் தில்லையடி வரைக்கும் மாப்பிள்ளை நஸீர் இந்தக் கன்றுக்குட்டியில் வருவார்.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

நான் வேலை செய்யும் மருந்துக்கடையில் லீவுக்கு முந்திய கடைசி நாள். மண் காற்றால் பாதி ஊருக்கு இருமல். கட்டுப்பாட்டு மருந்து வந்திறங்கியது, எண்ணிப் பார்த்துக் கையொப்பமிட்டு அலுமாரியில் பூட்டினேன்.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு விவாகப் பதிவுகார லெப்பை வீட்டுக்கு வந்தார். பெயர் விபரங்கள் சரிபார்க்க. நான் திரைக்குப் பின்னால்.

"வலி யாரு?"

"நான்தான்," என்றார் ஹி. வாப்பா இல்லை, ஆகவே வலியாக நின்று பெண்ணைக் கொடுக்கும் பொறுப்பு காக்காவுக்கு. கார்ச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே அந்தப் பொறுப்பை ஏற்றார்.

நான் திரைக்குள்ளிருந்து, "நான் எங்க சைன் வைக்கணும்?"

லெப்பை மரியாதையான மனிதர், சிரிக்கவில்லை. "பொண்ணு வைக்கத் தேவல்ல மகள். வலி வச்சாக் காணும்."

நஞ்சு மருந்துக்குக்கூட என் கையொப்பம் செல்லும். என் கல்யாணத்துக்குச் செல்லாது. காரை வீட்டு வாசலுக்குள் ஏற்றத் தெரியாதவர் கையொப்பம் செல்லும்.

லெப்பை போன பிறகு ஹி.யிடம் கேட்டேன். சைன் வேண்டாம், நிக்காஹ்வுக்கு முன்னால் சாட்சிகளோடு வந்து, எனக்கு விருப்பமா என்று வாயால் ஒருதரம் கேளுங்கள், அது போதும் என்று.

"நீ ஓமெண்டுதானே இரிக்கிறாய். பொறகென்னத்துக்குப் புதுசா ஒரு கதை?"

நான் எப்போது ஓம் சொன்னேன்? பெண் பார்க்க வந்த அன்று தட்டில் வட்டிலாப்பம் கொண்டுபோய் வைத்தேன். அதுதான் ஓம்.

நஸீரைப் பற்றித் தெரிந்தது: கற்பிட்டியில் வலைக்கடை. பருமன். போனில் இருதடவை பேசியிருக்கிறோம், இருதடவையும் அவருடைய உம்மா பக்கத்தில் இருமிக்கொண்டு. வேண்டாம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஹி. அனுப்பிய கார்ப் படத்துக்கு மனிதர் பெருவிரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். இதுவும் அந்தச் சாதியா? வீட்டோடு மாப்பிள்ளை வேறு. ஒரு வீட்டுக்கு ஒன்று போதாதா.

ஓகஸ்ட் 6, புதன்

தையல்காரி சட்டைக்கையை இறுக்கமாகத் தைத்திருக்கிறாள். திருப்பி அனுப்பியாயிற்று.

கார் இனிப் போக முடியாத இடங்கள்:
எங்கள் வாசல்.
பெற்றோல் செட், வலதுபக்கத்தால் நுழைந்தால்.
சாச்சி வீட்டு மண் ஒழுங்கை.
ஆஸ்பத்திரி வாசல். அதாவது உம்மாவின் சீனி வருத்தக் கிளினிக்.

ஹி. இதை வாசித்தால், போக முடிந்த இடங்களை ஏன் எழுதவில்லை என்று கேட்பார். கண்ணாடி மாதிரி றோட்டு எங்கே இருக்கிறதோ அங்கே.

உம்மாவுக்கு ஊசிமருந்து வாங்க என்னை ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போனார். வேகத்தடை வந்தால் நேரே ஏறுவதில்லை. றோட்டின் மறுகரை வரை வெட்டித் திருப்பி, ஒவ்வொரு சில்லாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு. பின்னால் வாகனங்கள் ஹோனை அமுக்கிக்கொண்டு நிற்கின்றன, எதிரே வந்த பஸ்ஸும் நிற்கிறது. முச்சக்கர வண்டிக்காரர் ஒருவர் தலையை நீட்டி, "மையத்துக் கட்டிலத் தூக்கிட்டு அடக்கப் போறவனும் இத விடக் கெதியாப் போவான்."

ஹி. காதில் விழவில்லை. விழுந்தாலும் பொறாமை என்பார்.

"ஆக்கள ஏத்திப் பாத்தீங்களா காக்கா? பின் சீட்டுல மூணு பேர் வருவாங்களே."

"காரப் பத்தி ஒனக்கென்ன தெரியும்?"

காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. பாரம் ஏறினால் கீழே போகும் என்பது தெரியும்.

ஓகஸ்ட் 7, வியாழன்

காலையிலேயே எழுதிவிட வேண்டும், பின்னேரம் கையில் மருதோன்றி. வீடு நிறையச் சாச்சிமார். பேரீச்சம்பழப் பெட்டிகளை யாரோ கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்கள், எறும்பு.

உம்மாவிடம் சொல்லிவிட்டேன். என்னைக் கேட்காமல் முடித்தால், முடிந்த பிறகு எல்லோர் முன்னாலும் வந்து, எனக்கு விருப்பமில்லை என்பேன்.

"வாயப் பொத்து புள்ள. அந்தப் பொடியன்ல என்ன கொற?"

அவரில் குறையில்லை உம்மா. கேட்பதற்கு ஆளில்லாததுதான் குறை.

உம்மா அழுதார். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் வேறு காரணத்துக்கு. வாப்பா இருந்தால் கேட்டிருப்பார். எந்தப் புத்தகப்பை வேண்டும் என்பதைக்கூடக் கேட்டு வாங்கித் தந்தவர்.

ஹி. வெளியே காருக்கு மெழுகு. மண் காற்றில் மெழுகு. ஒட்டிய மண்ணை ஊதுகிறார்.

ஓகஸ்ட் 9, சனி

நேற்று எழுத நேரமில்லை. இப்போது எல்லோரும் தூக்கம். நடந்தபடி எழுதுகிறேன்.

அஸர் தொழுகை முடிந்தது. லெப்பை வந்து புத்தகத்தை விரித்து உட்கார்ந்தார். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வேனில் வந்திறங்கினார்கள், பின்னால் ஆண்கள் இன்னொரு வேனில். மாப்பிள்ளை மட்டும் இல்லை.

நஸீரின் உம்மா சொன்னார்: "ஒங்கட மகன்தான் எங்கள முன்னால போகச் சென்னார். அந்தக் கார் மெதுவாத்தான் வருமாம்."

சாச்சி ஷர்பத் ஊற்ற ஓடினார்.

பிறகு போன். நடந்தது இது: பின் சீட்டில் நஸீர், அவருடைய பெரிய வாப்பா, ஒரு கூட்டாளி. மூன்று பேரும் ஏறியதும் காரின் பின்பக்கம் அமர்ந்துவிட்டது. சாய்ந்த டயர் மேல்தகட்டில் உரசிக்கொண்டே நுரைச்சோலை தாண்டி வந்து, வேகத்தடை ஒன்றில் வெடித்தது. வேறு டயர் இருக்கிறது. மாற்றலாம். ஆனால் கார் அவ்வளவு தாழ்வாகப் பதிந்திருக்கிறது, தூக்கும் ஜக்கை அடியில் நுழைக்க இடமில்லை.

இதைக் கேட்டபோது நான் சிரித்தேன். மணப்பெண் சிரிக்கக் கூடாதாம். உம்மா கிள்ளினார்.

கற்பிட்டியிலிருந்து வந்த மீன் லொறி ஒன்றை, தெரிந்த டிரைவராம், நஸீர் மறித்து மூன்று பேரும் ஏறிவிட்டார்கள். ஹி. ஏறவில்லை. இப்படி மாற்றிய காரைப் பொலிஸ் கண்டால் கொண்டுபோய்விடும் என்று பயம். டயருக்குக் காவல்.

ஆகவே எங்கள் வாசலில் மாப்பிள்ளை ஐஸ் தண்ணீர் சொட்டும் லொறியிலிருந்து இறங்கினார். மாப்பிள்ளை வந்தாயிற்று. வலி இல்லை.

லெப்பை, "வலி இல்லாம நான் என்ன செய்ய?"

அப்போது நஸீரின் குரல் திரைக்கு இந்தப்புறம் வரை தெளிவாகக் கேட்டது.

"மச்சான் வரும் வரைக்கும் சும்மாதானே இரிக்கிறோம். அதுக்குள்ள அவங்களுக்கு விருப்பமாண்டு கேட்டுட்டு வாங்க ஹஸ்ரத். நான் இன்னும் அவங்கட வாயால கேக்கல."

"அது வலிட வேலை தம்பி."

"வலி டயர் பாத்துட்டு நிக்கிறார்."

கூடம் முழுக்கச் சிரிப்பு. லெப்பையும் சிரித்துவிட்டு எழுந்தார். இரண்டு சாட்சிகளோடு திரையருகே வந்து, வாப்பாவின் பெயரோடு சேர்த்து என் பெயரைச் சொல்லி, எத்தாளை நஸீரை மணக்க விருப்பமா என்று கேட்டார்.

பேசாமல் இருந்தால் அதையே சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். அது எனக்குத் தெரியும். அதனால் பேசினேன். குரல் கூடத்துக் கடைசிக் கதிரை வரை போயிருக்கும்.

"ஓம். எனக்கு விருப்பம்."

பிறகு, "காக்காவக் கூட்டி வர அந்த லொறியையே அனுப்புங்க."

ஹி. வர மஃரிப் ஆயிற்று. பட்டுச் சட்டையில் மீன் செதில். காரைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு வந்தாராம், எதில் கட்டினார் என்று கேட்க யாருக்கும் பொறுமையில்லை. நிக்காஹ் முடிந்தது. புத்தகத்தில் ஹி. கையொப்பமிட்டார், பெரிதாக, அடியில் ஒரு சுழிப்புடன்.

நஸீர் என்னிடம் தனியாகப் பேசிய முதல் பேச்சு: "அந்தக் கெம்பர் எத்தின டிகிரிண்டு மச்சான் சென்னாரா?" நினைத்தேன், இவரும் அந்தச் சாதிதான். ஆனாலும் கேட்கத் தெரிந்த மனிதர்.

இன்று காலை முன்வாசலில் ஹி., வந்தவர்களிடம்: "வாப்பா இல்லாட்டியும் நான் முன்னுக்கு நிண்டு, அவகிட்டக் கேட்டு, எல்லாம் முறையாச் செஞ்சன்."

அந்தக் கூடத்தில் இருந்த எல்லோரும் நான் சொன்னதைக் கேட்டார்கள். மீன் லொறி டிரைவர் உட்பட. கேட்காதவர் இவர் ஒருவர்தான்.