பலகையில் இல்லாத செய்தி

வியாழக்கிழமை, எசன், ஜெர்மனி.

இன்னும் கோபம் ஆறவில்லை.

எங்கள் அருங்காட்சியகத்தில், இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில் புகழ்பெற்ற அமெரிக்கர்களைப் பற்றிய கண்காட்சி நடக்கிறது. வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்வது என் வேலை. இன்று ஒரு கார் நிறுவன முதலாளியின் படத்துக்கு முன்னால் ஒரு முதியவர் கேட்டார்: "யூதர்களைத் தூற்றிப் பத்திரிகை நடத்தியவர் இவர்தானே?" ஆம் என்றேன். அந்த எழுத்து ஜெர்மன் மொழியிலும் வந்தது, இங்கே பலர் விரும்பி வாசித்தார்கள் என்றும் சொன்னேன்.

மாலையில் பொறுப்பாளர் கூப்பிட்டார். "விளக்கப் பலகையில் இருப்பதை மட்டும் சொல்லுங்கள். உங்கள் ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது." பலகையில் இருப்பதெல்லாம் மலிவான காரும் தொழிற்சாலையும்தான். இதற்குப் பெயர் சரித்திரமா?

வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். "ஒரு மன்னிப்புக் கேட்டிட்டு வேலையைப் பாருமன்" என்றார்.

"ஏலாது. கலவரத்தில கொழும்பில எங்கட வீட்டுக்கு நெருப்பு வைச்சவங்களும் முதல்ல எங்களைப் பற்றிப் பொல்லாததைப் பேப்பரில வாசிச்சவங்கள்தான்."



நாளை பத்து மணிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்வேன்.