வியாழக்கிழமை நோட்டு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனதுக்கு மட்டும் நான் உத்தரவாதம் தர முடியாது. உன் தொண்டை எப்படி இருக்கிறது, விழுங்கும்போது வலி குறைந்திருக்கிறதா? கட்டியை எடுக்க அடுத்த மாதம் இருபதாம் தேதி குறித்திருக்கிறார்கள் என்று நீ எழுதிய கடிதம் கடல் தாண்டி வந்து சேர்ந்தது. "ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் பக்கத்துல இருந்தா போதும்மா" என்ற வரியை அப்பா இரண்டு தடவை படித்தார், நான் எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. அதற்குப் பதில் கடைசியில் எழுதுகிறேன், அதற்கு முன்னால் உன் அப்பாவைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். படித்துவிட்டுப் பத்திரமாக வை, தொலைபேசியில் அவரிடம் உளறிவிடாதே.

அப்பா எனக்குத் தெரியாமல் ஏதோ செய்கிறார். அம்மாவுக்குச் சந்தேகம் பிறவிக்குணம் என்று நீ சிரிப்பாய். அப்பா எழுதிய இருநூற்று நாற்பத்து மூன்று புத்தகங்களுக்கு அச்சுக்குப் போகும் முன் பிழை பார்த்தவளுக்கு வேறு என்ன குணம் வரும்? பன்னிரண்டாம் பக்கத்தில் இடது கையை இழந்தவன் தொண்ணூறாம் பக்கத்தில் இரண்டு கையாலும் கதவைத் தள்ளினால் கண்டுபிடிக்கிறவள் நான்தான். அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் புதுப் புத்தகத்தின் மூன்றாம் அத்தியாயம் என் கண்ணில் பட்டது. உனக்கே தெரியும், அப்பா கதைகளில் மனிதர்கள் நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் போவார்கள், ஆனால் ஒரு விண்கப்பல்கூடக் கிளம்புவதை நாம் பார்த்ததில்லை. அத்தியாயம் தொடங்கும்போதே கிளம்பி மூன்று நாள் ஆகியிருக்கும். வாசகர்கள் அதை ஓர் உத்தி என்று புகழ்ந்து எழுதுவார்கள். பால்கனிக் கைப்பிடிக்கு அருகில்கூடப் போகாத மனிதர், விமானத்தில் ஒரு நாளும் கால் வைக்காதவர் என்பது நமக்குத்தானே தெரியும். அந்த மனிதர் இந்தப் புத்தகத்தில் ஒரு கப்பலைக் கிளப்பியிருக்கிறார், அதுவும் நான்கு முழுப் பக்கத்துக்கு. ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது, அந்த அதிர்வு முதலில் காதில் விழாமல் பல்லில் தெரிகிறது. பல்லில் தெரியும் என்று இவருக்கு யார் சொன்னது? கேட்டேன். "கற்பனைதான், வேற என்ன" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். நாற்பது வருடமாக வராத கற்பனை இப்போது எங்கிருந்து வந்தது?

அதற்குப் பிறகு நான் சும்மா இருப்பேனா. வியாழக்கிழமைகளில் அவர் சட்டை, வேலை பார்க்கிற ஆய்வுக்கூடத்து ஈஸ்ட் வாடை இல்லாமல் வருவதைக் கவனித்தேன். முப்பது வருடமாக அந்தப் புளித்த வாடையைத் துவைத்துப் போக்குகிறவள், எனக்குத் தெரியாதா? அங்குள்ள சாமான் அறைப் பொறுப்பாளருக்கு, அதுதான் வாயே திறக்காததால் நீ 'பூட்டு' என்று பெயர் வைத்தாயே, அவருக்குப் போன் செய்தேன். பூட்டே திறந்துகொண்டது. "சார் ரெண்டு மாசமா வியாழக்கிழமை லீவு போடுறாருங்க, உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றார். ஏதாவது நோயா, என்னிடம் மறைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறாரா? இல்லை, இந்த வயதில் வேறு எவளாவதா? அந்த நினைப்பு வந்ததும் சிரிப்பும் வந்தது, அச்சுத்தாளை விரித்துவைத்துக்கொண்டு சாப்பிடுகிற மனிதரை என்னைத் தவிர எவள் சகிப்பாள். சிரித்தேனே தவிர, மூன்று நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பிறகு அவரே மாட்டிக்கொண்டார். கையில் கிடைப்பதையெல்லாம் புத்தகத்தில் அடையாளத்துக்குச் செருகும் பழக்கம் அவருக்கு உண்டே, கையெழுத்துப் பிரதியில் ஒரு பஸ் டிக்கெட் இருந்தது. விமான நிலையம் போகிற பஸ். அடுத்த வியாழன் அவர் கிளம்பிக் கால் மணி கழித்து அடுத்த பஸ்ஸில் நானும் போனேன். வழியனுப்ப வருகிறவர்கள் நின்று பார்க்கும் மாடம் ஒன்று இருக்கிறது, பெரிய கண்ணாடிச் சுவரும் பிளாஸ்டிக் நாற்காலிகளும். அங்கே அப்பா உட்கார்ந்திருந்தார். நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். யாரும் வரவில்லை, யாரோடும் பேசவில்லை. ஒரு விமானம் ஓடி மேலே ஏறும்போது இடது மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, நெற்றி வேர்க்க வேர்க்க எண்ணினார். எண்ணி முடித்து நோட்டில் எழுதினார். அடுத்த விமானத்துக்குக் காத்திருந்தார். என் முன்னால் நின்ற ஒரு பெண்மணி, "யாரோ பெரியவர், பாவம், யாரையோ வழியனுப்பிட்டுப் போக மனசில்லாம உட்கார்ந்திருக்காரு" என்றாள். அவரைக் கூப்பிடாமல் திரும்பி வந்துவிட்டேன்.

அப்பாவின் ஆய்வு நோட்டை யாரும் தொடக்கூடாது என்பது நம் வீட்டுச் சட்டம். மறுநாள் அவர் குளிக்கப் போனபோது சட்டத்தை மீறினேன். ஈஸ்ட்டுக்கு எழுதுகிற மாதிரியே எழுதியிருக்கிறார், தேதி, நேரம், நிலை, எண். முதல் வாரம், மாடம், உட்கார்ந்தபடி, நாடித்துடிப்பு நூற்று முப்பத்தொன்று, பாதியில் வெளியேறினேன். நான்காம் வாரம், நூற்றுப் பதினான்கு. எட்டாம் வாரம் தொண்ணூற்றாறு. பயத்தை விரட்ட முடியாது, அளக்க முடியும், அளந்துவிட்டால் அது ஒரு எண் மட்டும்தான் என்று மேடையில் பேசுவாரே, அதைத் தன் மேலேயே செய்து பார்த்துக்கொண்டிருக்கிறார். உனக்காகத்தான் கண்ணு. எட்டாம் வாரத்துக்கு அடியில் இருபதாம் தேதியை எழுதி வட்டம் போட்டிருக்கிறார்.

அதோடு மூடி வைத்திருக்கலாம். பக்கத்தைப் புரட்டினேன், அங்கே நான் இருந்தேன். "இணை ஆய்வு: அவள்" என்று தலைப்பு. பயணப் பேச்சு எடுத்தால் நான் அடுப்பைப் பார்க்க எழுந்து போவது, அணைத்த அடுப்பாக இருந்தாலும் போவது. என் பாஸ்போர்ட் முடிந்து நான்கு வருடம் ஆகியும் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடாமல் மேசை இழுப்பறையில் வைத்திருப்பது. அவருடையதை மட்டும் கெடு தவறாமல் புதுப்பிப்பது. கீழே ஒரே ஒரு வரி: "இவளுக்கு என்னைவிடப் பயம் அதிகம். என் பயத்துக்குப் பின்னால் நின்று பழகிவிட்டாள், நானும் நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்." கோபம் தலைக்கேறியது, என்னை வேவு பார்க்க இவர் யார் என்று. ஆனால் யாரிடம் போய்க் கேட்பேன், திருடித்தானே படித்தேன், திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான்.

உனக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவர் எழுதியது சரி. உன் கல்யாணத்துக்கு நாங்கள் வராதபோது, "அப்பாவை விட்டுட்டு நான் எப்படி வர்றது" என்று உன்னிடம் அழுதேனே, அது பொய். அவர் என்னைப் போகச் சொல்லி டிக்கெட்டே வாங்கித் தந்தார். காலையில் பெட்டியைப் பூட்டிவிட்டுக் குளியலறையில் வாந்தி எடுத்தேன். அவர் டிக்கெட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "நான்தான் தடுத்தேன்னு சொல்லிடு" என்றார். பதினோரு வருடமாக நீ தொலைபேசியில் அவரிடம் ஒன்றிரண்டு வார்த்தைக்கு மேல் பேசாமல் இருந்ததற்கெல்லாம் அவர் வாயைத் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. அவரை மன்னித்துவிடு என்று சொல்ல வரவில்லை, மன்னிக்க அவரிடம் ஒன்றும் இல்லை. என்னைத்தான் மன்னிக்க வேண்டும், முடிந்தால்.

இன்னும் இரண்டு சந்தேகம் பாக்கி. இத்தனை வருடம் கேட்காத நீ போன கடிதத்தில் "அம்மா பாஸ்போர்ட் எந்த நிலையில இருக்கு" என்று கேட்டாயே, நீயும் இதற்கு உடந்தையா? மறைக்காமல் எழுது. இன்னொன்று, பூட்டிய அலமாரியில் இருக்கிற நோட்டு அன்றைக்கு மட்டும் என் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் எப்படி வந்தது? நாளை வியாழக்கிழமை. நாளைக்கான பக்கத்தில் இரண்டு பத்தியாகக் கோடு போட்டு வைத்திருக்கிறார். ஒன்றின் மேல் "நான்" என்று இருக்கிறது, மற்றதன் மேல் ஒன்றும் எழுதவில்லை.

விண்ணப்பத்தில் இன்று காலை கையெழுத்துப் போட்டேன், கோணல்மாணலாகத்தான் வந்தது. நாளைக்கு அவர் போகும் பஸ்ஸிலேயே ஏறுவதாக இருக்கிறேன். நீ நன்றாக இரு, நோய்நொடி எல்லாம் விலகி நூறு வயது வாழ வேண்டும். வெந்நீர் குடி, ஈரத்தலையோடு வெளியே போகாதே, டாக்டரிடம் கேட்க வேண்டியதைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போ. வாசல் சாவியை இன்னொன்று செய்து வைக்க மாப்பிள்ளையிடம் சொல், உன்னை எழுப்பாமல் நாங்களே திறந்துகொள்வோம்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா

வீடு, நாற்காலியில் உட்கார்ந்தபடி, இந்தக் கடிதத்தை முடிக்கும்போது: நூற்றுப் பதினெட்டு.