தடியன் தோண்டிய காரணம்

என்னங்க,

சாப்பாட்டை மூடி வைத்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டுப் படியுங்கள், படித்தால் இறங்காது.

"ஓநாய் ரத்தம் அது, தலைவன் யாருன்னு காட்டணும்" என்று வேலியோரம் நின்று உறுமினீர்களே! வேலியடியில் குழி தோண்டுவதை நிறுத்தாவிட்டால் நம் நாய் தடியனை யாருக்காவது கொடுத்துவிடுவதாகவும் மிரட்டினீர்கள். காரணம் கிடைத்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெட்டை நாய் பருவத்துக்கு வந்திருக்கிறது. நம்மவனுக்கு மீசை அரும்புகிற வயது. காலையில் அவளை ஊருக்கு அனுப்பினார்கள். அதிலிருந்து தடியன் மண்ணைத் தொடவேயில்லை!

ஆகவே தலைவரே, அவன் இங்கேதான் இருப்பான். கருத்தடை பற்றிக் கேட்க மருத்துவரிடம் கூட்டிப்போகிறேன். நீங்கள் குழிகளை மூடிவையுங்கள்.

பி.கு.: "நாய் சரி, உங்க வீட்டுக்காரர் ஏன் வேலியோரம் உறுமுறாரு?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். "அவருக்கு அந்த வயசெல்லாம் தாண்டிடுச்சு, பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டேன்.