மனப்பாடமாகத் தெரிந்த நம்பர்

அன்புள்ள அம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முழங்கால் வலி குறைந்ததா? துபாயில் நான் சுகமாக இருக்கிறேன். என் அறையில் தங்கியிருக்கும் அனஸ் நம் ஊர் லெப்பைக்குடிக்காடு வருவதால் அவனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

போன வாரம் யார் யாரோ உங்களுக்குப் போன் செய்து, மளிகைச் சாமான் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டார்களே, அது என் வேலைதான். இங்குள்ள தமிழர்களுக்கு வீடு தேடி மளிகை அனுப்பும் எங்கள் புதுக் கம்பெனியின் வெப்சைட்டில், புகார் சொல்லும் இடத்தில் சோதனைக்காக உங்கள் நம்பரைப் போட்டிருந்தேன். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் தொலைந்து போனால் சொல்வதற்காக, ஏழு வயதில் நீங்கள் மனப்பாடம் செய்யவைத்த நம்பர். பார்க்காமல் எனக்கு வருவது அது ஒன்றுதான். மாற்ற மறந்து வெப்சைட்டைத் திறந்துவிட்டோம். முதலாளி திட்டவில்லை, சிரித்தார். இப்போது மாற்றிவிட்டேன்.

அனஸ் திரும்பும்போது கொஞ்சம் சின்ன வெங்காயமும், நீங்கள் அரைத்த மசாலாத் தூளும், என் பழைய போர்வையும் கொடுத்துவிடுங்கள். அவன் கிளம்பி வாசலில் நிற்கிறான்.

இன்னொன்று. விஷயம் தெரிந்த அன்று, சரிபார்க்க ஆபீஸ் போனிலிருந்து நானும் அந்த நம்பருக்கு அடித்தேன். நான் வாய் திறக்கும் முன்பே நீங்கள், "சாமான் வந்துரும் தம்பி. எம்மவனும் அந்த ஊர்லதான் இருக்கான். அதுவரைக்கும் பட்டினியா இருக்காதீங்க, ஏதாச்சும் சாப்புடுங்க" என்றீர்கள்.

பதில் சொல்லாமல் போனை வைத்தவன் நான்தான்.

உங்கள் மகன்,
தௌஃபீக்